செர்ரி தக்காளி பாரம்பரிய விதைகள்: எந்தப் பாக்கெட்டுக்குக் காசு கொடுக்கலாம்?

படத்துக்கும் பழத்துக்கும் ரொம்ப தூரம் இருக்கிற விதை எது என்று மாடித்தோட்டக்காரர்களைக் கேட்டால், பாதிப் பேர் செர்ரி தக்காளியைத்தான் சொல்வார்கள். பாக்கெட்டில் திராட்சைக் குலை மாதிரி தொங்கும். தொட்டியில் ஆறடிக் கொடியும் பதினோரு பழமும்தான் இருக்கும். இதற்கு எப்போதும் விதையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பொருந்தாத ரகத்தைப் பொருந்தாத மாதத்தில் விதைப்பதுதான் அதிகம் நடக்கிறது. ஆகவே பாக்கெட்டை மட்டும் எடைபோட்டால் போதாது, அது நம் வெயிலில் என்ன செய்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே ஒரு பாக்கெட்தான் வாங்குவது என்றால் பிளாக் செர்ரி. இடம் தாராளம், கவனிக்க நேரம் குறைவு என்றால் மாட்ஸ் வைல்டு செர்ரி. கொஞ்சம் சாப்பிடவும் கொஞ்சம் சமைக்கவும் என்றால் சாட்விக் செர்ரி. பால்கனி மட்டும்தான் இருக்கிறது என்றால் டைனி டிம். யெல்லோ பேர் கண்ணுக்கு விருந்து, நாக்குக்கு அவ்வளவாக எதுவும் இல்லை. 'மிக்ஸ்' என்று எழுதிய பாக்கெட் எதுவும் வேண்டாம்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

பாரம்பரிய ரகத்தைக் குறிக்கும் 'ஏர்லூம்' என்ற சொல் இப்போது விலையைக் கூட்டும் சொல்லாகிவிட்டது. குறைந்தது ஐம்பது ஆண்டாவது கைமாறி வந்த, விதை எடுத்துப் போட்டால் தாயைப் போலவே வரும் ரகத்தைத்தான் அப்படிச் சொல்ல வேண்டும். ஆனால் சன் கோல்டு ரகத்தைக்கூட அந்தப் பெயரில் விற்கிறார்கள். அது ஜப்பானின் டோக்கிடா நிறுவனம் 1990களில் கொண்டுவந்த எஃப்1 கலப்பினம், அதாவது இரண்டு வேறு ரகங்களைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை. சுவையில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை ஆளுக்கொரு திசையில் போகும்: ஒன்று சிவப்பு, ஒன்று புளிப்பு, ஒன்று பெரிய காய். ஸ்வீட் 100-ம் அதே கதைதான். பாக்கெட்டில் 'எஃப்1' என்று எங்கேனும் பொடி எழுத்தில் இருந்தால் அது பாரம்பரிய விதை இல்லை.

அடுத்ததாகப் பரிசோதனைத் தேதியும் முளைப்புத்திறனும் இருக்கிறதா என்று பாருங்கள். தக்காளிக்கு நம் நாட்டு விதைச்சான்று வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம். வண்ணப்படம் அச்சிட்ட சின்னப் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் இந்த இரண்டு விவரமும் இருக்காது. அப்படியென்றால் நாமே சோதித்துக்கொள்ள வேண்டியதுதான். ஈரமான டிஷ்யூ பேப்பரில் 10 விதையை மடித்து, டப்பாவில் மூடி நிழலில் வையுங்கள். எட்டு நாளில் ஏழு முளைத்தால் சரி. முளைத்ததைத் தூக்கிப் போட வேண்டாம், வேர் ஒடியாமல் எடுத்துக் குழித்தட்டில் வைத்துவிடலாம். விதை ரோஸ் நிறத்திலோ பச்சையிலோ இருந்தால் பூஞ்சாணக்கொல்லி பூசியது என்று பொருள். பூசாத தக்காளி விதை மங்கலான வைக்கோல் நிறத்தில், மேலே மெல்லிய ரோமத்தோடு இருக்கும்.

நீலத் தக்காளி, வானவில் தக்காளி என்ற படங்களைப் பார்த்தால் பேசாமல் நகர்ந்துவிடுங்கள். கருநீலத் தோலுள்ள தக்காளி உண்மையில் உண்டு. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகம் 2012-இல் வெளியிட்ட இண்டிகோ ரோஸ் அப்படிப்பட்டது. வெயில் பட்ட பக்கம் கத்தரிக்காய் நிறம், படாத பக்கம் சிவப்பு. வானத்து நீலத்தில் பழுக்கும் தக்காளி எங்கும் கிடையாது.

பிளாக் செர்ரி

கறாராகப் பார்த்தால் இதுவும் பாரம்பரிய ரகம் இல்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உருவாகி 2003 வாக்கில்தான் விற்பனைக்கு வந்தது. ஆனால் கலப்பினமல்ல, விதை எடுத்தால் அப்படியே வரும். நமக்கு வேண்டியது அந்தக் குணம்தான் என்பதால் வயதை மன்னித்துவிடலாம்.

பழம் 2.5 செ.மீ. அளவு, உருண்டை. முழுக்கப் பழுத்தாலும் பளிச்சென்ற சிவப்பு வராது. செங்கல்லும் நாவல்பழமும் கலந்த நிறம், காம்பைச் சுற்றி லேசாகப் பச்சை. சிவப்புக்காகக் காத்திருந்தால் கொடியிலேயே வெடித்துவிடும். குறுக்கே வெட்டினால் சதை கருஞ்சிவப்பாகவும், விதையைச் சுற்றிய கூழ் பச்சையாகவும் இருக்கும். பழுக்கும்போது பச்சையம் முழுக்கக் கரையாமல் சிவப்போடு தங்கிவிடுவதால் வரும் நிறம் இது, அழுகல் இல்லை. பழுத்ததா என்று தெரிந்துகொள்ள, காம்பில் முட்டி மாதிரி இருக்கும் கணுவைப் பாருங்கள். பழத்தைப் பிடித்து லேசாக மேலே நிமிர்த்தினால் அந்தக் கணுவில் டக்கென்று கழன்று வர வேண்டும். இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு நாள் விடுங்கள்.

சுவைக்குத்தான் முதலிடம் கொடுத்திருக்கிறது. இனிப்பு, புளிப்பு இரண்டுக்கும் அடியில் லேசான உப்புக்கரிப்பு மாதிரி ஒன்று நிற்கும். வெறும் வாயில் சாப்பிடவும் தயிர்ப் பச்சடிக்கும் இதைவிட நல்லது கிடையாது. ரசத்துக்கு வேண்டாம், ருசி கெடாது, ஆனால் நிறம் சேற்றுத்தண்ணீர் மாதிரி ஆகிவிடும். குறை என்றால் தோல் மெல்லியது, பறித்து மூன்று நாளைக்கு மேல் தாங்காது. ஃப்ரிட்ஜில் வைத்தால் மணம் போய்விடும்.

மற்ற ரகங்கள்

மாட்ஸ் வைல்டு செர்ரி மெக்சிகோவின் ஹிடால்கோ பகுதியில் காட்டுச்செடியாகத் திரிந்ததிலிருந்து வந்தது. பழம் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். இனிப்பு அதிகம். இலைக்கருகலை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். பிரச்சினை அதன் வளர்ச்சியில் இருக்கிறது. ஒரு செடி ஆறு சதுர அடியைத் தனதாக்கிக்கொள்ளும். கவாத்து செய்து கட்டுப்படுத்தப் பார்ப்பது வீண் வேலை. கைப்பிடிச் சுவரோரம் வைத்து, பழைய மீன்வலையோ கம்பிவலையோ கட்டி, அதன் போக்கில் ஏறவிடுங்கள். ஒரு கிண்ணம் பழம் பறிக்க இருபது நிமிடம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த வேலை தானாக நடந்துவிடும். உதிர்ந்த பழத்திலிருந்து அடுத்த ஆண்டு பக்கத்துத் தொட்டிகளிலும் முளைக்கும்.

சாட்விக் செர்ரியின் பெயர், கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத் தோட்டத்தை 1967-இல் தொடங்கிய ஆங்கிலேயத் தோட்டக்கலைஞர் ஆலன் சாட்விக்கின் நினைவாக வந்தது. பழம் செர்ரிக்குப் பெரிது. சிவப்பு, கொஞ்சம் கெட்டித் தோல், நல்ல புளிப்பு. ரசம், தொக்கு எதற்கும் போடலாம்.

டைனி டிம் 1940களில் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒன்றேகால் அடிக்கு மேல் போகாது. 10 அங்குலத் தொட்டி போதும், குச்சி வேண்டாம். ஒரே அலையில் காய்த்து முடித்துவிடும் என்பதால் மூன்று வார இடைவெளியில் இரண்டு இரண்டாக விதைத்தால் தொடர்ந்து பறிக்கலாம். ருசி சுமார். நாலு மணி நேர வெயில்தான் வருகிறது என்றால் வேறு ரகத்தில் ஏமாறுவதைவிட இது மேல்.

யெல்லோ பேர் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட ரகம். பல்பு வடிவத்தில் மஞ்சளாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும்போது படம் எடுக்காமல் யாரும் கீழே இறங்க முடியாது. வாயில் போட்டால் மாவுத்தன்மை, மந்தமான இனிப்பு. இலைக்கருகலும் சீக்கிரம் பிடிக்கும். தட்டை அலங்கரிக்க ஒரு செடி போதும்.

விதைத் திருவிழாக்களில் 'கொடித்தக்காளி', 'குட்டித் தக்காளி' என்று கிடைப்பவற்றையும் ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே பெயரில் ஊருக்கு ஒன்றாக இருக்கும், படம் இருக்காது, ஆனால் இந்த வெயிலிலேயே காய்த்துக் காய்த்து வந்த விதை. கொடுப்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த மாதம் விதைத்தீர்கள், பக்கத்தில் வேறு தக்காளி இருந்ததா? இரண்டுக்கும் தயங்காமல் பதில் வந்தால் வாங்கலாம்.

தினசரி சாம்பாருக்கும் ரசத்துக்கும் தக்காளி வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் இந்தப் பட்டியலே உங்களுக்கு வேண்டாம். அண்ணாஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பிகேஎம் 1 போடுங்கள். குட்டையாக நின்று, நல்ல புளிப்போடு காய்க்கும். அதிலும் விதை எடுத்து வைக்கலாம்.

எப்போது விதைப்பது

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் இந்தத் தக்காளியை நினைத்துச் சொல்லவில்லை. சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் ஆடியில் விதைத்தால் சரியாக வடகிழக்குப் பருவமழையில் காய் இருக்கும். மழை பெய்த மறுநாள் பழமெல்லாம் வெடிக்கும், இலை கருகும். ஐப்பசித் தொடக்கத்தில் கூரைக்கு அடியில் விதைத்து, கார்த்திகையில் நட்டால், மார்கழிக் குளிரில் பூ வரும். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் பறிக்கலாம். மழை குறைந்த கோவைப் பக்கம் இவ்வளவு இறுக்கம் தேவையில்லை.

இதில் காலண்டரைவிட இரவு வெப்பம்தான் முக்கியம். இரவில் 22 டிகிரிக்கு மேல், பகலில் 34 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். சின்னப் பழ ரகங்கள் பெரியவற்றைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். சித்திரையில் பூவெல்லாம் கொட்டுகிறது என்று உரத்தை அள்ளிப் போடுவது பயன் தராது. அதேபோல 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. ஏப்ரலில் சாட்விக் ஆரஞ்சு நிறத்தில் பழுத்தால் விதைக்காரரைத் திட்ட வேண்டாம்.

தொட்டி, மண், நடவு

உயரமாக வளரும் ரகங்களுக்கு 15×15 அங்குல க்ரோ பேக் வேண்டும். ஏறக்குறைய 40 லிட்டர் கலவை பிடிக்கும். 12×12-இல் அதில் பாதிதான். வெயில் ஏறியதும் மதியத்துக்குள் காய்ந்து தொங்கும். நனைந்த பெரிய பை 35 கிலோவைத் தாண்டும் என்பதால் மாடியின் நடுவில் வரிசையாக வைக்காமல், பீம் ஓடும் இடத்திலோ சுவரோரமோ செங்கல் மேல் வையுங்கள். கறுப்புப் பையைவிட வெள்ளைப் பையில் வேர் சூடாவது குறைவு.

கலவைக்குச் செம்மண் நாலு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மூன்று, மண்புழு உரம் மூன்று. பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு, 50 கிராம் எலும்புத்தூள், ஒரு கைப்பிடி சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா கலந்த தூள்). கோகோபீட் கட்டியை மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். அதில் இருக்கும் உப்போடு நம் போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்தால் இலை விளிம்பு தீய்ந்துவிடும். கலவையைப் பத்து நாள் ஈரத்தோடு ஊறவிட்டு நடுங்கள்.

விதையை அரை செ.மீ. ஆழத்தில், குழிக்கு ஒன்றாகப் போடுங்கள். ஆறு முதல் எட்டு நாளில் முளைக்கும். முளைத்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றாவிட்டால் நூல் மாதிரி நீண்டு சாயும். 25 முதல் 30 நாளில், நாலைந்து நிஜ இலை வந்ததும் மாலை நேரத்தில் நடவு. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டைப் பாதி உயரத்துக்குப் புதைக்கலாம். தண்டில் கொப்புளம் மாதிரி தெரியும் புள்ளிகள் எல்லாம் மண் பட்டால் வேராகும்.

மேலே ஏழடி உயரத்தில் கம்பி கட்டி, அதிலிருந்து சணல் கயிறு தொங்கவிட்டுத் தண்டைச் சுற்றி ஏற்றுவது மூங்கில் குச்சியைவிடச் சுலபம். ஒரு செடிக்கு இரண்டு தண்டு: முதன்மைத் தண்டும், முதல் பூங்கொத்துக்குக் கீழே வரும் பக்கக் கிளையும். இலைக்கக்கத்தில் வரும் மற்றக் கொழுந்துகளை விரல் நீளம் வருவதற்குள் கிள்ளுங்கள். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து இலைகளையும் மொட்டையடிக்க வேண்டாம். நம் வெயிலில் காய் வெந்து வெள்ளைத் திட்டு விழும். தவறி ஒரு கொழுந்து அரை அடிக்கு வளர்ந்துவிட்டால் வெட்டித் தண்ணீர் டம்ளரில் வைத்தால் பத்து நாளில் வேர் விடும். ஒரு விதையிலிருந்து மூன்று செடி எடுக்க இது போதும். பாக்கெட்டில் எட்டே விதை இருக்கிறது என்று கவலைப்படுபவர்களுக்கான பதிலும் இதுதான்.

காய்க்கும் காலத்தில் நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மண்மேல் இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம். மீன் அமிலம் (மீனை வெல்லத்தோடு ஊறவைத்து எடுக்கும் கரைசல்) கொடுப்பதானால் லிட்டருக்கு 5 மி.லி., பூ வந்தபின் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து அதிகமானால் கொடி கருகருவென்று வளரும், பூ வராது. காலை எட்டிலிருந்து பத்துக்குள் பூங்கொத்தை விரலால் நாலு தட்டு தட்டினால் மகரந்தம் உதிரும். இந்த வேலையைத் தச்சு வண்டு தன் ரீங்காரத்தாலேயே செய்யும், ஆனால் மூன்றாவது மாடிவரை அது வரும் என்று நம்பி இருக்க முடியாது.

எதில் தோற்கும்

இலைச்சுருட்டு வைரஸ்தான் இந்த ரகங்களின் பெரிய பலவீனம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் போன்ற கலப்பினங்களில் இதற்கு எதிர்ப்புச் சக்தி சேர்த்திருக்கிறார்கள். பாரம்பரிய விதையில் அது கிடையாது. ஆனால் சுருண்ட இலை எல்லாம் வைரஸ் இல்லை. கீழ் இலைகள் நீளவாக்கில் குழல் மாதிரி சுருண்டு, நிறம் மாறாமல் தடித்திருந்தால் அது வெயிலுக்கும் தண்ணீர்க் குறைவுக்கும் செடி செய்யும் தற்காப்பு. நுனி இலைகள் சிறுத்து, விளிம்பு மஞ்சளாகி, மேல்நோக்கிக் கிண்ணம் மாதிரி குவிந்து, கணுக்கள் நெருங்கி நின்றால் வைரஸ். மருந்து கிடையாது, பிடுங்கிப் பையில் கட்டிப் போட வேண்டியதுதான். பரப்புவது வெள்ளை ஈ. முதல் 25 நாள் நாற்றுகளைப் பொடிக்கண் வலைக்குள் வைத்திருந்தால் பாதி ஆபத்து குறையும். அதன்பின் மஞ்சள் ஒட்டு அட்டை, வாரம் ஒருமுறை லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி மாலையில் தெளிப்பு.

நேற்றுவரை நன்றாக நின்ற செடி பச்சையாகவே திடீரென வாடினால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். அடித்தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் அடுத்துப் போடக்கூடாது.

இலையில் வெளிறிய கொப்புளமும், காம்படியில் ஊசித்துளையும் தெரிந்தால் ஊசிப்புழு. 2014-இல் இந்தியாவுக்குள் வந்தது, இப்போது மாடிகளையும் விடுவதில்லை. முதல் இலையிலேயே பறித்து நசுக்குவதுதான் வீட்டுத் தோட்டத்தில் பலன் தரும். வெடிப்புக்கு வழி இதைவிட எளிது: மழை அறிகுறி தெரிந்தால் நிறம் திரும்பத் தொடங்கிய பழங்களை எல்லாம் பறித்துச் சமையலறைக் கூடையில் பரப்பிவிடுங்கள், அங்கேயே பழுக்கும்.

எல்லாம் சரியாக நடந்தால் 15 அங்குலப் பையில் ஒரு பிளாக் செர்ரி செடி ஒன்றரை முதல் இரண்டு கிலோ தரலாம். கணக்குப் போட்டால் கடைத் தக்காளியைவிட விலை அதிகம்தான், முதல் ஆண்டில்.

இரண்டாம் ஆண்டுக்கு விதை வாங்க வேண்டாம். தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. ஆனால் காட்டுத்தனம் உள்ள சின்ன ரகங்களில் சூல்முடி (பூவில் மகரந்தத்தை ஏற்கும் நுனி) வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பக்கத்துச் செடியின் மகரந்தம் ஒட்ட வாய்ப்புண்டு. திருமணத் தாம்பூலத்துக்குக் கொடுக்கும் வலைப்பை ஒன்றை, மொட்டு விரிவதற்கு முன்பே ஒரு கொத்துக்கு மாட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றி, அந்தக் கொத்தின் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். நன்கு பழுத்ததும் பிதுக்கிக் கூழோடு டம்ளரில் போட்டுத் துணியால் மூடினால், நம் வெப்பத்தில் ஒன்றரை நாளில் மேலே வெள்ளை ஆடை படரும். அப்போதே அலசிவிட வேண்டும். மூன்று நாள் விட்டால் டம்ளருக்குள்ளேயே முளைக்கத் தொடங்கும். பேப்பரில் காயவைத்தால் ஒட்டிக்கொள்ளும், பீங்கான் தட்டில் நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். பெயரும் மாதமும் எழுதிய காகித உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலு ஆண்டு வரும்.